ஏழு நிமிடம் முந்திய மூச்சு

திரையில் கடைசியாக விழுந்த மூச்சுக்கு 3:41 என்று நேரம் போட்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று முப்பத்து நாலுதான். கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். அதுவும் சுவருக்கே சாட்சி சொன்னது.

மூச்சு அவள் கணவனுடையது. நுரையீரல் கெட்டு, மூன்று மாதமாக அடுத்த அறையில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். அவன் முதுகுக்கடியில் கிடக்கும் மெல்லிய விரிப்பு ஒவ்வொரு மூச்சையும் எண்ணும். முப்பது விநாடி மூச்சு வரவில்லை என்றால் வீடே அதிர அலறும். அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் சரக்கு அது. விரிப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே தூது போகிற டிரைவர் நிரலை எழுதியவளும் அவள்தான். பழைய நிரல் நேரத்தை ஒரு சின்னப் பெட்டியில் அடைத்து வைத்திருந்தது. இன்னும் சில வருடங்களில் விநாடிகள் நிரம்பி வழிந்து, அதன் கணக்கில் காலமே பின்னால் புரண்டுவிடும். அதற்குள் பெரிய பெட்டியாக மாற்றியாக வேண்டும். மாற்றியதை யாரை வைத்துச் சோதிப்பது என்று அவள் அதிகம் யோசிக்கவில்லை. மனிதன் எப்படியும் படுத்துத்தானே கிடக்கிறான்.

ஏழு நிமிடம் எந்த வழியாக உள்ளே நுழைந்தது என்று வரி வரியாகத் துருவினாள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கிறீச்சிட்டது, மருந்தும் ஈரத் துணியும் கலந்த வாடை கதவிடுக்கில் கசிந்து வந்தது, ஜன்னல் கம்பியின் நிழல் மேசைமேல் நகர்ந்து அவள் விரல்களைத் தொட்டது. நிரலில் ஒரு தப்பும் அகப்படவில்லை. திரையில் மூச்சுக் கோட்டில் மூன்று பெரிய மேடுகள் எழுந்தன. நேரம் 3:44. சுவரில் இன்னும் 3:37.

சுவரில் சரியாக 3:44 ஆனபோது, அடுத்த அறையில் அவன் இருமினான்.

எழுந்து போய் வாசலில் நின்றாள். "எத்தனை தடவை இருமினீங்க?"

"மூணு. அதுக்கும் லீவு லெட்டர் குடுக்கணுமா, எஞ்சினியரம்மா? உன் பாய்தான் எண்ணிக்கிட்டு கெடக்கே, அதைக் கேளு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலிக்குத் திரும்பியபோது சுவரில் 3:46. திரையில் 3:53. அங்கே கோடு படுத்துவிட்டது. ஐந்து விநாடி. பத்து. பதினைந்து. மூச்சில்லை. அதற்குமேல் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நிரல் எழுதிப் பழகிய புத்தி அது. நிரலைத் திருத்தினால் உலகமும் திருந்திவிடும் என்று நம்பும். புதியதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழையதை ஏற்றினாள். அது ஏறும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு நிமிடம் தின்றது. கடைசியில் திரையும் சுவரும் ஒன்றாக 3:52 என்றன. மூச்சு சீராக ஓடியது.

பயம் மட்டும் இறங்கவில்லை. ஓடினாள். அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். எலும்பும் தோலுமாக இருந்தவன்தான், ஆனாலும் முதுகு வர மறுத்தது. இழுத்தாள். ஏதோ பிய்ந்துகொண்டு வந்தது போல இருந்தது. நாற்காலியில் சாய்த்தாள்.

3:53. 3:54. 3:55.

"என்னடி ஆச்சு உனக்கு?" என்றான். உயிரோடுதான் இருந்தான். சிரிக்கவும் செய்தான். "ஒண்ணு சொல்லட்டுமா? வலியே இல்ல இப்போ. நெஞ்சுல இருந்த பாரத்தை எறக்கி வெச்ச மாதிரி இருக்கு."

அவன் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். எல்லாம் விளங்கிவிட்டது. அவள் தூக்கியதால்தான் கோடு நின்றிருக்கிறது. விரிப்பில் ஆளில்லை, மூச்சில்லை, அவ்வளவுதான்.

பிறகுதான் உறைத்தது. ஆளில்லாத விரிப்பு முப்பது விநாடியில் அலறியிருக்க வேண்டும். அலறவில்லை.

தன் மேசைக்குத் திரும்பிப் போய்த் திரையைப் பார்த்தாள். 3:53க்கு மூச்சு நின்றிருந்தது. இருபது விநாடி வெறுமை. அதன்பின் மறுபடி மூச்சு. நிமிடத்துக்குப் பத்தொன்பது. இப்போதும்.

இன்னும் ஐந்து விநாடி பொறுத்திருந்தால் இதை அப்போதே பார்த்திருப்பாள்.

"என்ன அப்படிப் பாக்கறே?"

பின்னால் நின்றான். மூன்று மாதமாகக் காலூன்றாதவன். அவள் காதோரம் குனிந்துதான் கேட்டான். கழுத்தில் காற்றுப் படவில்லை. திரும்பி அவன் நெஞ்சில் கை வைத்தாள்.

"பசிக்குது," என்றான். "ரொம்ப நாளைக்கு அப்புறம் பசிக்குது." நெஞ்சு அசையவில்லை. மேலே வரவில்லை. கீழே போகவில்லை.

அவன் தோளுக்கு அப்பால் கதவு திறந்திருந்தது. காலிப் படுக்கையில், விரிப்பின் நடுப்பகுதி மெல்ல உப்பியது. தணிந்தது. மிகவும் சிரமப்பட்டு, மறுபடி உப்பியது.