விமானம் ஏறாத பிணம்

சுங்கக் கிடங்கில் முத்திரையை உடைத்துச் சவப்பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே மணல் மூட்டைகள்.

"நான் முகத்தை மட்டும் பார்த்துட்டுப் போயிடறேன்னுதானே கேட்டேன்" என்றாள் இன்ஸ்பெக்டர் அம்மாவின் பின்னால் நின்ற பெண். காணாமல் போன தம்பியைத் தேடி வந்தவள். இரண்டு நாள் முன்பு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாளாம். பிணம் ஏற்கெனவே போய்விட்டது என்று யாரோ சொன்னாராம். மனசு கேட்காமல் வந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பை ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொன்னார். வழியெல்லாம் அவருடைய விரல்கள் கதவில் தாளம் போட்டபடியே இருந்தன.

கேட்பாரற்ற அந்த உடலை வெளிநாட்டு ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்புவதா என்று ஆஸ்பத்திரிக் குழுவில் பெரிய சண்டை நடந்திருந்தது. கேட்க ஆளில்லை என்றால் அதுவே சம்மதமா என்று பிணவறை டாக்டர் கத்தியிருக்கிறார். மண்ணில் போட்டு யாருக்கு லாபம், அங்கே போனால் நாலு உயிர் பிழைக்கும் என்று உடற்கூறுப் பேராசிரியர் வாதாடி ஜெயித்திருக்கிறார்.

பெட்டியோடு தனியாக இருந்தவர்கள் மூன்று பேர். செய்து கொடுத்த தச்சர், உடலை வைத்த டாக்டர், முத்திரை இட்ட பேராசிரியர்.

"செத்தவன் எழுந்து நடந்தா என் பொழப்பு என்னாவறது மேடம்?" என்றார் தச்சர்.

பேராசிரியர் தன் உடற்கூறுக் கூடத்தில் மேசை மேசையாக நடந்துகொண்டே பதில் சொன்னார். வரிசையாகக் கிடந்த உடல்களின் காதுகளில் தொங்கிய அட்டைகளைக் கை தன்பாட்டுக்கு நேர்செய்தது. டாக்டரை விசாரியுங்கள், தோற்ற கோபம் அவருக்குத்தான் என்றார்.

வாசலைத் தாண்டி அந்தப் பெட்டியைத் தவிர வேறெதுவும் போகவில்லை என்று காவலாளி சத்தியம் செய்தார். அப்படியென்றால் உடல் கட்டடத்துக்குள்தான் இருக்க வேண்டும். பிணவறையின் குளிர் அறையில், பேராசிரியரும் கூட நிற்க, டாக்டர் ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்தார். ஒவ்வொன்றிலும் முதலில் பாதங்கள், கட்டைவிரலில் அட்டை. சிக்கிக்கொள்ளும் என்று யாரும் தொடாத கடைசி இழுப்பறையை உலுக்கி இழுத்தவர் சட்டென்று பின்வாங்கினார். நரைத்த தலை ஒன்று அவர் வயிற்றருகே வந்து நின்றது. பெட்டியில் அவர் வைத்த அதே உடல்.

இன்ஸ்பெக்டர் பேராசிரியரிடம் திரும்பினார்.

"நீங்கதான் சார்."

"நானா? அனுப்பணும்னு சொன்னவனே நான்தானே?"

"இந்த அறையில காலைத்தான் வெளிப்பக்கம் வைப்பாங்க, விரல்ல இருக்கிற அட்டையைப் படிக்க. டாக்டர் ஒளிச்சு வச்சிருந்தா பழக்கதோஷத்துல அப்படியே வச்சிருப்பார். தச்சருக்குப் பெட்டிதான் தெரியும், எந்த இழுப்பறை சிக்கும்னு தெரியாது. உங்க கூடத்துல அட்டை காதுல. உங்க கை எப்பவும் தலையைத்தான் தேடும்."

பேராசிரியர் ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் முன்பு அந்தப் பெண்ணின் போனை எடுத்தது அவர்தான். தொல்லை விட்டால் போதுமென்று பொய் சொன்னார். பிறகு தூக்கம் வரவில்லை. ஜெயித்த வாதத்தை வாய்விட்டுத் திரும்பப் பெறவும் மனம் வரவில்லை. அதனால் பெட்டியை அனுப்பினார், உடலை வைத்துக்கொண்டார்.

பெண்ணை உள்ளே அழைத்தார்கள். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இவன் இல்லை" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

டாக்டர் மெல்லக் கேட்டார்: "அப்போ இனி அனுப்பலாமா சார்? வந்தவங்களும் இல்லைன்னுட்டாங்க."

பேராசிரியர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு இன்னொரு போன் வந்தா, நான் என்ன சொல்றது?"