ஒன்பதாம் நாள் பள்ளம்

கோயம்புத்தூரில் இப்போதெல்லாம் யாருக்கும் நெஞ்சு படபடப்பதில்லை. நான்கு லட்சம் பேரின் மார்புக்குள் இருந்த துடிப்பிகள், அவரவர் உயிர்க்கோட்டின்படி இதயத்தை நிமிடம் தவறாமல் நடத்திவந்தன. அதற்கு முன் பத்தாண்டுகள் மணிக்கட்டுப் பட்டைகள்தான் நாடியைப் பதிவுசெய்தன. அந்தப் பதிவுகளைப் புள்ளிகளாக வைத்து, ஆளுக்கொரு வளைகோட்டைப் பொருத்தியது ‘வளைவி’ என்ற இயந்திரம். பொருத்தம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரை. சித்திரையில் பட்டைகளைக் கழற்றிவிட்டுத் துடிப்பிகளை வைத்தார்கள். அதன்பிறகு மாரடைப்பு என்ற பேச்சே ஊரில் இல்லை.

ஆயுதபூஜையன்று காலை ஆறரைக்கு, வளைவியின் திரையைத் துடைத்துக்கொண்டிருந்த பொறியாளர் செண்பகவல்லி, கணவன் ஞானவேலின் கோட்டைச் சும்மா திறந்து பார்த்தாள். அவனுக்கு லேத் பட்டறை. ஊரிலேயே முதல் பூஜை அங்கேதான் நடக்கும். கோடு இன்று ஆறு நாற்பதுக்குச் செங்குத்தாக இறங்கிப் பூஜ்யத்தைத் தொட்டது. மறுநாள் காலை வரை பூஜ்யம்.

“சார், இங்க பாருங்க. வருஷா வருஷம் இந்த ஒரு நாள் இவருக்கு நாடியே இல்லைங்க!”

நிலையத் தலைவர் அருளானந்தம் எட்டிப் பார்த்தார். “அன்னிக்கு யாரும்மா பட்டை கட்டியிருக்கா? எல்லாருமே கழட்டி, பொட்டு வெச்சு, பூஜையிலதான வெப்போம்...”

சொல்லும்போதே அவர் முகம் வெளுத்தது. பட்டை கழன்றதை நாடி நின்றதாக எழுதிக்கொண்டிருக்கிறது இந்த மகா புத்திசாலி. தேதி ஆண்டுக்காண்டு மாறினாலும் நவமியைக் கச்சிதமாகக் கண்டுபிடித்திருந்தது. கோடு அத்தனை அழகாக இருக்கும்போது புள்ளிகளை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? ஒருவரும் பார்க்கவில்லை.

செண்பகவல்லி பள்ளத்தைத் தன் கையாலேயே மேலே இழுத்தாள். ‘பொருத்தம் குறைகிறது. பழைய கோடே தொடரும்’ என்றது திரை. மனிதர்கள் இஷ்டத்துக்குக் கோட்டை வளைக்கக் கூடாது என்று அந்த விதியை எழுதியவளே அவள்தான். அதற்காகப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

“மெயினை அணைச்சிரலாங்களா சார்?”

“அணைச்சு என்னம்மா பிரயோஜனம்? இந்த வருஷத்துக் கோடு ஏற்கெனவே எல்லார் நெஞ்சுக்குள்ளயும் இருக்குதே.” அவர் கை தன் மார்பைத் தடவியது. “என்னோடது எத்தனை மணிக்குன்னு பாரும்மா.”

அவள் பார்க்கவில்லை. ஞானவேலுக்குப் போன் போட்டாள்.

“ஏனுங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க! அந்தத் துடிப்பிய எப்படியாவது நிறுத்தச் சொல்லுங்க!”

“இரு கண்ணு, சூடம் பத்த வெச்சாச்சு.” அவன் சிரித்தான். ஒரு கையால் மணியை அடித்துக்கொண்டே இருந்தான். “எல்லா மிசினுக்கும் பொட்டு வெச்சாச்சு. நெஞ்சுக்குள்ள இருக்கறதும் மிசின்தான? சட்டையக் கழட்டி அதுக்கும் சந்தனம் வெச்சுட்டேன்.”

“ஐயோ, நான் சொல்றதக் கேளுங்க...”

மணியோசை பாதியில் நின்றது. ஏதோ கனமாகத் தரையில் விழுந்தது. பட்டறை ஆட்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

செண்பகவல்லி போனில் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எதிரே திரையில் ஞானவேலின் கோட்டின் மேல், துடிப்பி அனுப்பிய இன்றைய புள்ளி ஒன்று பூஜ்யத்தில் வந்து உட்கார்ந்தது. பொருத்தம் தொண்ணூற்றொன்பதே முக்காலாக உயர்ந்தது.