பாப்பரசர் காசும் பழப்புளியும்

தக்ஷிகா கடைசி மூன்று படிகளை ஒரே தாவலில் தாண்டி, குசினிக்குள் பாய்ந்து குழாயை மூடினாள். பயனில்லை. காரியம் முடிந்துவிட்டிருந்தது.

தொட்டிக்குள் குத்துவிளக்கு மின்னியது. பக்கத்தில் மூன்று செப்புக் காசுகள் அதைவிடப் பளபளத்தன. அம்மா ஜெயகௌரியின் விரலெல்லாம் பழப்புளி.

“அம்மா, என்ன செய்தனீங்கள்?”

“வெள்ளிக்கிழமை எண்டு விளக்கு மினுக்கினனான். இதுகளும் பக்கத்திலை கறுத்துப்போய்க் கிடந்தது. சேர்த்து மினுக்கிவிட்டன்.” குரலில் பெருமை வேறு.

தக்ஷிகாவுக்குத் தலையைச் சுவரில் மோதலாம் போலிருந்தது. ஒரு காலத்தில் இத்தாலியின் நடுப்பகுதியைக் கத்தோலிக்கரின் தலைவரான பாப்பரசரே ராஜாவாக ஆண்டார். அந்த அரசு வெளியிட்ட காசுகள் அவை. இருநூறு வருடத்துக் கறுப்புத்தான் அவற்றின் அழகே. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு இரவல் கொடுத்த பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் எட்வேட், கழுவாதே, துடைக்காதே என்று நாலு தரம் சொல்லியிருந்தார். அவருடைய அப்பா ஆசையாகச் சேர்த்தவையாம். ஐந்து மணிக்குத் திருப்பி வாங்க வருவார். இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

“பாப்பரசற்றை காசெண்டால் ஊத்தையாய் வைச்சிருக்கலாமோ?” என்றாள் அம்மா.

அண்ணன் கௌசிகன் உதவிக்கு வந்தான். அது இன்னும் மோசம். தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டால் கறுக்கும் என்றான். கறுக்காவிட்டால் சப்பாத்து மை பூசலாமாம். எட்வேட் கண்ணாடி போடாமல் வந்தால் ஒன்றும் தெரியாது என்று அம்மாவும் தன் பங்குக்குச் சொன்னாள்.

“ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் உதவி செய்யாமல் இருங்கோ,” என்றாள் தக்ஷிகா.

அழைப்பு மணி அடித்தது. ஐந்துக்கு இன்னும் ஆறு நிமிடம். இந்த மனிதர் ஏன்தான் எப்போதும் முந்தியே வருகிறாரோ.

காசு தொலைந்துவிட்டதென்று சொல்லச் சொன்னான் கௌசிகன். தக்ஷிகா அவனை ஒரு பார்வை பார்த்தாள். காசுகளின் ஈரத்தை ஒற்றி, உள்ளங்கையில் ஏந்தியபடி வாசலுக்கு நடந்தாள்.

“நான்தான் எண்டு சொல்லு பிள்ளை,” அம்மா பின்னாலிருந்து கிசுகிசுத்தாள்.

தக்ஷிகா அப்படிச் சொல்லவில்லை. காசுகளை விளக்குக்குப் பக்கத்தில் வைத்தது தான்தான் என்றும், கழுவக்கூடாதென்று வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை என்றும் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் ஒப்புவித்தாள். மன்னிப்பும் கேட்டாள்.

எட்வேட் காசுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. எதைப் போட்டுக் கழுவினீர்கள் என்று மெல்லக் கேட்டார். அம்மா பழப்புளிப் பக்கற்றைக் கொண்டுவந்து நீட்டினாள். அதிலிருந்த ஆங்கில எழுத்தை வாசித்தவர், படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரென்று தக்ஷிகா பயந்துபோனாள். சிரிப்பு. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார்.

“என்னவாம்?” என்று பதறினாள் அம்மா.

“பத்து வயசிலை, தகப்பன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, இவரும் காசு மினுக்கினவராம். பொரிச்ச கிழங்குக்குத் தொட்டுச் சாப்பிடுற சோஸ் ஊத்தி. அதிலையும் பழப்புளிதான் இருக்காம்.” தக்ஷிகா மூச்சு வாங்கினாள். “அப்ப பதினைஞ்சு காசு இருந்ததாம், அம்மா. இந்த மூண்டும் தப்பினது, சோஸ் போத்தல் முடிஞ்சபடியாலாம்.”