உள்ளே மட்டும் திறக்கும் கதவு

அடுப்பை அவள் இன்னும் பற்றவைக்கவே இல்லை. ஆனாலும் படுக்கையறை முழுக்க அரிசி வேகும் வாசனை.

அண்ணாந்து பார்த்தாள். ஓட்டுக்கூரைக்குக் கீழே அப்பா கட்டிய பலகை மச்சு. அதன் இடுக்குகளிலிருந்து அந்த வாசனை இளஞ்சூடாக இறங்கி, தலையணையிலும் போர்வையிலும் அவள் அவிழ்த்துவிட்ட கூந்தலிலும் ஒட்டிக்கொண்டது. அதன் பின்னாலேயே மேலே நகங்கள் சறுக்கும் சத்தம், எதையோ இழுத்துக்கொண்டு போகும் சத்தம், குட்டிகளின் மெல்லிய சிணுங்கல்.

"மரநாய்ம்மா. வாசனை அதோடதுதான்," என்றார் மறுநாள் வந்த விலங்கு பிடிக்கிறவர். வெளியிலிருந்து மச்சுக்குப் போகும் சுவர் ஓட்டையில் ஒரு தகரக் கதவை மாட்டி, விரலால் தட்டிக் காட்டினார். "உள்ளேர்ந்து முட்டினா திறக்கும். வெளியிலேர்ந்து முட்டினா அசையாது. பசிச்சா தானாப் போயிடும், குட்டியையும் கவ்விட்டுப் போயிடும். திரும்பி வர முடியாது. வாடகைக்கு இருக்கறவங்களைவிட ஒழுங்காக் காலி பண்ணும், பாருங்க!"

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் கணவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அதற்கப்புறம்தான் சத்தம் கூடியது. ஒரு குடும்பத்தின் ஓட்டம் இரண்டானது. பிறகு விடியவிடிய ஒரு கும்பலே தலைக்கு மேல் அலைவதுபோல, பிராண்டலும் உறுமலும் ஈர ரோம நாற்றமும்.

"ஏங்க, குறையவே இல்லையே. கூடிட்டே போகுது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே." அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். தைலம் தேய்த்துவிட்டான். "இந்த வீடே உனக்கு ஆகலை. வித்துட்டுப் போயிடலாம்னா, அப்பா கட்டினதுன்னு பிடிவாதம் பிடிக்கிறே."

அவள் தன் காதையே சந்தேகிக்கத் தொடங்கினாள். அவனை அல்ல.

ஒரு மத்தியானம் எல்லாச் சத்தமும் நின்றுபோனது. வெளியே மழை கொட்டியது. மச்சில் மட்டும், ஒளிந்துகொண்டு மூச்சை அடக்குபவர்களின் அமைதி.

"பாத்தியா, போயிடுச்சு. உன் கண்ணாலயே ஒரு தடவை பாத்துட்டு வந்துடு, பயம் விட்டுப்போயிடும். நான் ஏணியைப் பிடிச்சுக்கறேன்."

"கையை எடுக்கமாட்டீங்களே?"

"பைத்தியம்! உன்னை விட்டுட்டு எங்க போகப்போறேன்?"

ஏறினாள். சதுர மூடியைத் திறந்து, டார்ச்சோடு மச்சுக்குள் முழங்காலால் நகர்ந்தாள். மூத்திர நெடி கண்ணை எரித்தது. எதிரே தகரக் கதவு. காற்று மோதியதும் அது திறந்து மூடியது.

உள்பக்கமாக.

தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. யாரோ கழற்றித் திருப்பி மாட்டியிருந்தார்கள். வந்தவை எல்லாம் உள்ளேயே. போக வழியில்லை.

"ஏங்க... கதவைத் திருப்பி மாட்டியிருக்கு. யாரு..."

ஏணி முனகியது. மூடி கீழிருந்து சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு ஏணி தரையில் உரசி விலகும் சத்தம்.

"வீட்டை விக்கலாமான்னு கேட்டப்பவே சரின்னு சொல்லியிருக்கலாம்ல?"

தலைவலி குறைஞ்சுதா என்று கேட்பானே, அதே குரல்.

மூடியை அறைந்தாள். கத்தினாள். கீழே அவன் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தான்.

டார்ச்சைத் திருப்பினாள். மூலையில் கண்கள். எலும்பு தெரிய மெலிந்த மரநாய்கள், ஒன்றின்மேல் ஒன்றாக ஒண்டிக் கிடந்தன. ஒன்றும் சீறவில்லை. ஒன்றும் அவளைப் பார்க்கவில்லை.

ஒரு தாய் மட்டும் குட்டியைக் கவ்விக்கொண்டு ஊர்ந்து வந்தது. அவள் மடியில் குட்டியைப் போட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இன்னொன்று வந்தது. இன்னொன்று. மடி நிறைய நடுக்கம்.

எல்லாக் கண்களும் மச்சின் மறுகோடியையே பார்த்தன.

டார்ச்சை மெல்ல உயர்த்தினாள்.

அங்கே ஒரு பலகை தாழ்ந்தது. பாரம் ஏறியதுபோல. பிறகு, அவள் பக்கமாக, அடுத்த பலகை. புழுதி எழுந்தது. வெளிச்சம் நேராக அதன்மேல்தான் விழுந்தது.

பலகையின்மேல் எதுவுமே இல்லை.

அடுத்த பலகை தாழ்ந்தது.