பூசைக்கு முந்தின டீ

சவேரியாரின் சப்பரம் தெருமுனை திரும்பும்போது, பாட்டுப் பாடிக்கொண்டே முன்னால் போன விக்டோரியா மண்ணில் சாய்ந்தாள். வாயில் நுரை. கண்மணிகள் குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்தன. நிழலில் கிடத்துவதற்குள் உயிர் போய்விட்டது.

1972, டிசம்பர் 3. புதுவாயலை அடுத்த அந்தக் கிராமத்துக்கு சப்-இன்ஸ்பெக்டர் வீரராகவன் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. அதற்குள் ஊரே விசாரித்து, தண்டனையும் கொடுத்து முடித்திருந்தது.

சவேரியார் கோயிலுக்கு எதிரே இருந்த டீக்கடை நொறுங்கிக் கிடந்தது. கடைக்காரன் தேசப்பன், தடா பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். யாரோ கொதிக்கும் பாலை அண்டாவோடு அவன் முகத்தில் கொட்டியிருந்தார்கள். வீரராகவன் அவனைத் தன் ஜீப்பிலேயே ஏற்றி, கான்ஸ்டபிள் குப்புராஜோடு பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

"அந்தம்மா நம்ம கடைக்கே வர்ல, நைனா" என்று வண்டியில் ஏற்றும்போது அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் கண்கள் திறக்கவே இல்லை.

செத்தவளின் புருஷன் ஜெயராஜ், கும்மிடிப்பூண்டியில் வெல்டர். வேப்பமரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"பூசைக்குப் போறதுக்கு முன்னாடி அவன் கடையில டீ குடிச்சா சார். நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன். அப்பால எதையும் தொடல."

"கடையில ஃபாலிடால் புட்டியைக் கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தான். பெஞ்சுக்கு அடியில இருந்துச்சு."

வீரராகவனுக்கு உறுத்தியது. வயலுக்கு அடிக்கும் அந்த மருந்து வயிற்றுக்குள் போனபின், ஒரு பெண் பூசை முழுக்க முழங்காலில் நின்று, பிறகு சப்பரத்தின் முன்னால் பாடிக்கொண்டே நடப்பாளா?

கோயிலின் பின்பக்கம் போனார். திருவிழாச் சோறு வெந்து முடிந்திருந்தது. பிணத்தை வைத்துக்கொண்டு சாப்பிடுவதா என்று சிலர் முனகினார்கள். ஆக்கியதை வீணாக்குவதா என்று மற்றவர்கள் பந்தி போட்டுவிட்டார்கள். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரின் மனைவி மிக்கேலம்மாள் மட்டும் இலையருகே போகாமல் சுவரோரம் நின்றிருந்தாள்.

"நீங்க சாப்பிடலையா?"

"இறங்கல சார்." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எவ்ளோ கட்டுப்பாடா இருந்தவ தெரியுமா? போன வாரம் ஒரு பொண்ணு பெப்பர்மிண்ட் வாயில போட்டுக்கினு வந்துச்சு. நற்கருணை வரிசையிலேர்ந்தே எழுப்பி அனுப்பிட்டா."

"பெப்பர்மிண்டுக்கா?"

"நற்கருணைக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பட்டினி இருந்தா போதும்னு இப்போ மாத்திட்டாங்க. அவ பழைய வழக்கத்தை விடல. ராத்திரி படுத்தா, நற்கருணை வாங்குற வரைக்கும் வாயில ஒண்ணும் படாது."

"இன்னிக்கு வாங்கினாங்களா?"

"மொத ஆளா."

வீரராகவனுக்குத் தன் அப்பா நினைவுக்கு வந்தார். அவர் திருவள்ளூர் கோயிலில் கைங்கரியம் செய்தவர். பெருமாளுக்கு அமுது ஆகும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் அவர் தொண்டையில் இறங்கியதில்லை.

"பூசை முடிஞ்சதும் எங்கே போனாங்க?"

"சப்பரத்துக்கு மாலை எடுத்தாற ஊட்டுக்கு. ஜெயராஜு அங்கதான் இருந்தான். அவன் கோயிலுக்கு வந்து வருசக்கணக்காச்சு."

வேப்பமரத்தடிக்குத் திரும்பினார். கூட்டமும் பின்னாலேயே வந்தது.

"ஜெயராஜ், பூசைக்கு முன்னாடி உன் பொண்டாட்டி டீ குடிக்கல. குடிச்சிருந்தா நற்கருணை வாங்கியிருக்க மாட்டா. வெறும் வயித்தோட வீட்டுக்கு வந்தவளுக்கு நீதான் குடிக்கிறதுல எதுலயோ அதைக் கலந்து கொடுத்த. இத்தனை வருஷம் கூட வாழ்ந்திருக்க. ஞாயித்துக்கிழமை காலையில அவ பட்டினி கிடக்கிறது உனக்குத் தெரியல."

ஜெயராஜ் எழுந்திருக்கப் பார்த்தான். சுற்றி நின்ற கூட்டம் வழிவிடவில்லை.

"புள்ள பெத்துக் குடுக்கல சார்" என்றான். "கவரைப்பேட்டையில ஒரு பொண்ணு இருக்கு. இவ உசுரோட இருந்தா கோயில்ல ரெண்டாங் கல்யாணம் ஒத்துக்க மாட்டாங்க. நான் இன்னா பண்றது?"

விலங்கு மாட்டிய பிறகு வீரராகவன் கூட்டத்தைப் பார்த்தார். "அவளோட வழக்கம் எனக்குத் தெரியாது. உங்க யாருக்குமா தெரியாது?"

"அந்த ஆத்திரத்துல தோணல சார்" என்றது ஒரு குரல்.

"எனக்குத் தோணுச்சு" என்றாள் மிக்கேலம்மாள். "டீக்கடைக்காரனை இழுத்தாறப்பவே தோணுச்சு."

"ஏன் சொல்லல?"

"யாரோ வெளியூர்க்காரன்தானேன்னு இருந்துட்டேன்." பந்தியின் பக்கம் அவள் பார்வை போய்த் திரும்பியது. "அண்டாவைத் தூக்குனது என் ஊட்டுக்காரரு சார்."

ஜீப் திரும்பி வந்தது. குப்புராஜ் இறங்கி, தலையை மட்டும் இடவலமாக ஆட்டினார். தேசப்பன் உயிரோடு பொன்னேரி போய்ச் சேரவில்லை.

பந்தியில் உபதேசியார் சின்னப்பன் கையில் வாளியோடு குனிந்து குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தார். வீரராகவன் அவர் எதிரே போய் நின்றார்.

"வாளியைக் கீழே வெச்சுட்டு வாங்க" என்றார்.