நன்றியின் எடை

குழல்மொழி கையை உயர்த்தினார். எதிர்வரிசையில் முப்பது பேர் அதற்கு முன்பே உயர்த்தியிருந்தார்கள். மன்றத்தின் நடுவிலிருந்த தராசின் முள் ஒரு கணம் தயங்கிவிட்டு அவர் பக்கம் சாய்ந்தது. அவர் எதிர்த்த மசோதா தோற்றது. முப்பது பேரும் கையை இறக்கிக்கொண்டு தேநீர் குடிக்கப் போனார்கள்.

ஓட்டுக்கு எடை வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் கடுகளவில் ஒரு நன்றிமானி பதிந்திருந்தது. நெஞ்சில் நன்றி சுரந்தால், அது யாரை நினைத்துச் சுரந்தது, எவ்வளவு ஆழத்திலிருந்து சுரந்தது என்பதை அது அளந்து வைக்கும். எடை நாளன்று, அப்போது நெஞ்சில் மிஞ்சியிருப்பதை மட்டும் கூட்டுவார்கள். ஒரு உறுப்பினர்மேல் மக்களுக்கு எவ்வளவு நன்றியோ, அவருடைய ஓட்டுக்கு அவ்வளவு எடை. எல்லாரையும்விடக் கனமானவர் முதல்வர். பணம் கொடுத்துப் பார்த்தார்கள். வாங்கியவன் உள்ளுக்குள் ஏளனம் செய்தான், எடை குறைந்தது. மேடையில் அழுது பார்த்தார்கள், பலிக்கவில்லை. பொய்யை நன்றிமானி ஏற்காது. அதனால் அதன்மேல் எல்லாருக்கும் நம்பிக்கை இருந்தது.

முள்ளிக்குளம் தொகுதியிலிருந்து முதன்முறை வந்தபோது குழல்மொழியின் ஓட்டு இறகு மாதிரி இருந்தது. அவர் பேச எழுந்தால் பக்கத்து இருக்கைக்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து, விசில் சத்தத்துக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்று பழகியவர் அவர். அந்தக் கொட்டாவிகளை அவரால் பொறுக்க முடியவில்லை. முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தே தீருவது என்று அன்றே முடிவு செய்தார்.

நூலகம் கட்டினார். ஜனங்கள் ஒரு மாதம் மெச்சினார்கள். சாலை போட்டார். மறு வாரமே குழி எங்கே என்று தேடினார்கள். பிறகு ஒரு கோடையில், ஊருணிகள் வெடித்துக் கிடந்த சமயம், தண்ணீர் லாரி ஓட்டுநர் வராமல் போக, அவரே லாரியை ஓட்டிக்கொண்டு ஒரு ஊருக்குள் நுழைந்தார். குடங்களோடு ஓடிவந்த பெண்கள் லாரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அந்த எடை நாளில் அவருடைய ஓட்டு தராசையே ஆட்டியது.

வயிறு நிறைந்தவனுக்கு விருந்து வைத்தால் ஏப்பம்தான் வரும். தாகத்தில் தவிப்பவனுக்கு ஒரு செம்புத் தண்ணீர் போதும். இது புரிந்த பிறகு குழல்மொழி நூலகம் பக்கம் போகவில்லை. எங்கே பஞ்சமோ அங்கே அவருடைய லாரிகள் நின்றன. 'தண்ணித் தாயி' என்று பெயர் வந்தது. நீர்வளக் குழுவின் தலைமையும் வந்தது.

அந்தக் குழுவின் முன்னால் ஒரு மசோதா தூங்கிக்கொண்டிருந்தது. விடியற்காலைக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி நீராக்கும் வான்நீர்க் கோபுரம், ஊருக்கு ஒன்று. கட்டிவிட்டால் தாகம் என்ற பேச்சே இருக்காது.

"கோபுரம் வந்தா ஆறு மாசம் கும்பிடுவாங்கம்மா," என்றார் அவருடைய உதவியாளர் அருமைராஜ். "அப்புறம் குழாய்ல தண்ணி வர்றது, பொழுது விடியிற மாதிரி ஆயிரும். பொழுது விடிஞ்சதுக்கு யாரு நன்றி சொல்றா?"

குழல்மொழி மசோதாவைத் தூங்கவிட்டார்.

செவ்வூரணியில் ஒரு நாள் லாரி வரத் தாமதமானது. வெயிலில் வரிசையில் நின்ற ஒரு சிறுமி சுருண்டு விழுந்தாள். குழல்மொழி அவளைத் தூக்கித் தன் காரில் போட்டு, தலையை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் பறந்தார். பிள்ளையின் உடம்பு அடுப்புக்கல் போலக் கொதித்தது. பிழைத்துக்கொண்டாள். அவளுடைய தாய் பஞ்சவர்ணம், மருத்துவமனை வாசலிலேயே குழல்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"தாயி, எம்புள்ள உங்களால பொழைச்சா. நீங்க நல்லா இருக்கணும். இந்தப் பஞ்சம் உள்ள மட்டும் நீங்க இருக்கணும், உங்க லாரி எங்க ஊருக்கு வந்துக்கிட்டே இருக்கணும்."

கள்ளமில்லாமல் சொன்ன வாழ்த்து அது. குழல்மொழிக்கு நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது. காரில் திரும்பும்போது, அந்த ஒரு தாயால் மட்டும் தன் எடை எவ்வளவு ஏறியிருக்கும் என்று மனம் தன்னையறியாமல் கணக்குப் போட்டது. அதை உணர்ந்ததும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மறுநாள் மசோதாவை எழுப்பினார். ஆசையையும் விட்டுவிடவில்லை. மார்கழிக்குள் கோபுரங்கள் எழுந்தால் தையில் எடை நாள். நன்றி பொங்கி நிற்கும் சமயம். நாற்காலி தனக்குத்தான்.

அவருடைய எடை மட்டும் மசோதாவுக்குப் போதவில்லை. முதல்வர் திருமேனிநாதன் அவரை அழைத்துச் சுக்குக் காப்பி கொடுத்தார்.

"என் எடை மொத்தத்தையும் உங்க மசோதாவுக்குத் தர்றேம்மா. ஒரே ஒரு திருத்தம். எடை நாளை மூணு வருஷம் தள்ளி வைப்போம்."

"எதுக்குய்யா?"

"கோபுரம் கட்டுறப்ப ஆட்சி நிலையா இருக்கணும்ல."

இருவருக்கும் காரணம் தெரியும். மூன்று வருடத்தில் நன்றி வற்றிவிடும். மறுத்தால் மசோதா விழும், லாரிகள் ஓடும், தையில் பாதி வாய்ப்பாவது இருக்கும். குழல்மொழி காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார். மடியில் கிடந்த அந்தப் பிள்ளையின் கொதிப்பு இன்னும் தொடையில் இருப்பது போலிருந்தது.

"சரிய்யா. திருத்தத்தைப் போட்டுக்கோங்க," என்றார்.

கோபுரங்கள் எழுந்தன. முதல் வருடம் பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் குழல்மொழி என்று பெயர். இரண்டாம் வருடம் சில பேருக்கு. மூன்றாம் வருடம் அவர் செவ்வூரணிக்குப் போனபோது, பஞ்சவர்ணம் குழாய் போட்டுத் தெருவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க, வாங்க. என்ன, குழாய்ல வேகமே பத்தல. கொஞ்சம் சொல்லக்கூடாதா?"

மகள் வாசலில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "யாரும்மா அது?" என்றாள். அவள் காலடியில் தண்ணீர் வீணாக ஓடியது. குழல்மொழிக்குக் கோபம் வரவில்லை. அந்த ஊரில் இனி யாரும் தன்னைக் கும்பிடத் தேவையில்லை என்பது, குளிர்ந்த நீர் குடித்ததுபோல உள்ளே இறங்கியது.

எடை நாள் வந்தது. குழல்மொழியின் எடை ஒன்றுமில்லை. ஆனால் மற்றவர்களுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். எல்லாருடைய நன்றியும் தாகத்தில்தான் விளைந்திருந்தது என்பது அன்றுதான் வெளிப்பட்டது. ஒரு சட்டம் நிறைவேறத் தேவையான குறைந்தபட்ச எடை, மன்றம் முழுவதையும் கூட்டினாலும் தேறவில்லை.

திருமேனிநாதன் அவரைத் தனியே அழைத்தார். "பராமரிப்புன்னு சொல்லி கோபுரங்களைப் பத்து நாள் நிறுத்தினா எல்லாம் சரியாயிரும்மா. உங்களுக்கும்தான்."

"நிறுத்துறதுக்கு மன்றம் சட்டம் போடணும்யா. அந்தச் சட்டத்துக்கு எடை எங்க இருக்கு?"

 திருமேனிநாதன் மெல்லக் கேட்டார்: "எனக்கு மட்டும் கொஞ்சம் எடை காட்டுது. ஒரே ஆளோட நன்றி. ரொம்ப ஆழமானதாம். என் தொகுதியில அப்படி ஒருத்தரும் இல்லையே."

"நான்தான்யா," என்றார் குழல்மொழி. "உங்க திருத்தம் இல்லாட்டி நான் முதல்வர் ஆகியிருப்பேன். நாற்காலியைக் காப்பாத்த, நீங்க இப்பக் கேட்டதை நானே செஞ்சிருப்பேன். அதுல இருந்து என்னைக் காப்பாத்தினது நீங்க."

அந்த ஒருவரின் நன்றியால், எந்தச் சட்டமும் போட முடியாத அந்த மன்றத்தில் எல்லாரையும்விடக் கனமானவராகி, திருமேனிநாதன் மறுபடியும் முதல்வரானார்.