பொது வலி

தண்ணீர்க் கேனை உள்ளே தூக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அது மறுபடியும் வந்தது. இடது தாடையில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல. அமலோற்பவம் வாசலுக்கு வந்து பார்த்தாள். எதிர் சலூனில் கத்தரி அப்படியே நின்றிருந்தது. பக்கத்து வீட்டு ரீட்டா பூ கட்டுவதை விட்டுவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டான் பாருங்கக்கா, களவாணி" என்றாள் ரீட்டா.

துறைமுகத்தை ஒட்டிய சிப்பித்தெருவில் காதுக்குப் பின்னால் பகிர்மணி இல்லாதவர்கள் குறைவு. மிளகளவுக் கருவி. ஒருவருக்கு வலித்தால் நரம்பிலிருந்து அதை வாங்கி, ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் சமமாகப் பிரித்துவிடும். பிரசவ வலிகூடச் சின்ன இழுப்பாகத்தான் வந்து போகும். தெருக்காரர்களே கூடி நடத்தும் தோள்கொடு அறக்கட்டளையின் ஏற்பாடு அது. அமலோற்பவம் அதன் செயலாளர். வலி யாருடையது என்று மணி காட்டாது. யாரும் யாருக்கும் கடன்பட்டதாக நினைக்கக் கூடாது என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள். ஒரே நிபந்தனை, வலிப்பவர் தானாக மருத்துவரிடம் போய்விட வேண்டும். காலில் அடிபட்டவனுக்கும் பல் வீங்கியவனுக்கும் வலி தன்னுடையதென்று தெரியாமலா போகும்?

இந்தத் தாடை வலிக்கு மட்டும் யாரும் போகவில்லை. யாரோ வைத்தியம் பார்க்காமல் ஊர் தலையில் கட்டிவிட்டுச் சுகமாக இருக்கிறார்கள்.

அமலோற்பவம் குடியிருப்பு மாடிகளில் ஏறி இறங்கி விசாரித்தாள். அவள் கதவைத் தட்டும் நேரத்தில்தான் வலி அதிகமாக வந்தது. குற்றமுள்ள நெஞ்சு பயத்தில் காட்டிக்கொடுக்கிறது என்று நினைத்தாள். மூன்றாவது மாடியில் செல்வின் வீட்டு வாசலில் அது தோள்வரை இறங்கியது. விசைப்படகில் போகும் செல்வின் அன்று தொழிலுக்குப் போகாமல் படுத்திருந்தான்.

"எனக்கு முட்டிதான்க்கா வலி. மாதா சத்தியமா வேற ஒண்ணுமில்ல."

"அப்போ நான் ஒன் வாசல்ல நிக்கையில ஏன்ல கூடுது?"

அறக்கட்டளை கூடி அவன் மணியைக் கழற்றியது. மறுநாள் செல்வின் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கடைக்குப் போனான். முட்டி வலி முழுவதும் இப்போது அவனுடையது. தாடை வலியோ நிற்கவில்லை.

அதனால் மறுபடி மாடி ஏறி விசாரிக்கக் கிளம்பியபோது அறக்கட்டளையின் மருத்துவர் ருக்சானாவையும் அழைத்துக்கொண்டாள். வெளியூர்ப் பெண், மணி கிடையாது. இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே அமலோற்பவம் தாடையைப் பிடித்தாள்.

"பாத்தியளா! மேல எவனோ இருக்கான்."

ருக்சானா அவளையே பார்த்தாள். "கொஞ்சம் உக்காருங்கக்கா."

உட்கார்ந்ததும் வலி தணிந்தது. சாளரத்தின் வழியே கீழே தெரிந்த சலூன்காரர் கையைத் தாடையிலிருந்து எடுத்தார்.

"இப்ப நாலு படி ஏறுங்க. மெதுவா."

ஏறினாள். கீழே சலூன்காரரின் கை மறுபடியும் தாடைக்குப் போனது.

அமலோற்பவம் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். "எனக்கா? எல்லாருக்கும் இருக்க மாதிரிதானே எனக்கும் இருக்கு!"

"மணி எல்லாருக்கும் ஒரே அளவுதானேக்கா பிரிக்குது. உங்களுக்கு எப்படித் தெரியும்?" ருக்சானாவின் குரல் தணிந்தது. "நெஞ்சு வலி சில பேருக்குத் தாடையிலதான் தெரியும். இத்தனை பேருக்குப் பிரிச்சும் இவ்வளவு தெரியுதுன்னா..."

ஆட்டோவில் மருத்துவமனை போய்ச் சேரும்வரை அழுத்தம் விடவில்லை. கட்டிலில் படுக்க வைத்து, நெஞ்சில் கம்பிகளை ஒட்டினாள் ருக்சானா. திரையில் கோடுகள் கலங்கித் தெரிந்தன.

"மணி இருக்கிற வரைக்கும் இதயத் துடிப்பு சரியா பதியாது. கழட்டணும்."

செல்வின் அன்று தலையைக் குனிந்து காதைக் காட்டியது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவளும் அதேபோல் காதைக் காட்டினாள்.

மணி கழன்றதும், கரையில் கிடந்த படகைத் தூக்கி நெஞ்சின்மேல் கவிழ்த்தது போல் இருந்தது. கத்துவதற்குக்கூட மூச்சு இல்லை. கட்டில் விளிம்பைத் தேடிய கை, பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்த கைபேசியில் பட்டது.

"யக்கா!" ரீட்டாவின் குரல். பின்னால் பலர் சிரிக்கும் சத்தம். "சுத்தமா நின்னுட்டுக்கா! தெருவே சந்தோசமா இருக்கு. ஆளப் புடிச்சிட்டியளா? யாருன்னு நாளைக்குச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, என்ன அழுதாலும் மணியத் திருப்பிக் குடுத்துராதிய!"